கத்திக்கு முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. கீழுதட்டின் உட்புறம் நாவல்பழ நிறத்தில் ஒரு வீக்கம், பிறந்ததிலிருந்தே இருந்தது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மெல்ல நிரம்பும். ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே புடைத்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு கிளினிக்கில், "சின்னக் கட்டிதான், அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார்கள். யாரும் தொட்டு அழுத்திப் பார்க்கவில்லை. கத்தி பட்டதும் பீறிட்ட ரத்தத்தை நிறுத்த முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் என் விரலை அவள் விடவே இல்லை.

அப்புறம் பார்த்த மருத்துவர், கண்ணாடி ஸ்லைடை வீக்கத்தின்மேல் வைத்து அழுத்தினார். நீலம் வெளுத்தது. அவளைக் குனியச் சொன்னார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இது கட்டியே இல்லைம்மா, கருவிலேயே தாறுமாறாக உருவான சிரைகள். ரத்தம் மெதுவாகத்தான் ஓடுகிறது, ஊசி போதும்" என்றார். வெரிகோஸ் வெயினுக்குப் போடும் அதே பாலிடோகனால் மருந்தை நுரையாக்கிச் செலுத்தினார். அது சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும், பிறகு தழும்பாகிச் சுருங்கிவிடும். ஆறு வார இடைவெளியில் மூன்று ஊசிகள். முதல் ஊசிக்குப் பிறகு நான்கு நாள் உதடு வீங்கிக் கஞ்சிதான் குடித்தாள். இப்போது தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது.

எங்கள் பழைய சீட்டில் 'ஹீமாஞ்சியோமா' என்று எழுதியிருக்கிறது. அது ரத்தக்குழாய்க் கட்டி; குழந்தை பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதல் வருஷம் வேகமாக வளர்ந்து, பிறகு தானே வடிவது. என் மகளுக்கு இருப்பது தானே வடியாது, குழந்தையோடு சேர்ந்து வளரும். 1982-லேயே மல்லிகன், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரா?

பெயர் மாறினால் வைத்தியமும் மாறுகிறது. கை வைத்தால் துடிக்கும் வீக்கம் என்றால், தமனி நேராகச் சிரையில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது தாடை எலும்புக்குள் இருந்தால், ஆடும் பல்லைப் பிடுங்கினாலே உயிர் போகுமளவு ரத்தம் கொட்டலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் ஆஞ்சியோகிராம் தேவை, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக ரத்தக்குழாயை அடைக்க வசதியுள்ள மருத்துவமனையும் தேவை. நாக்கின் அடியில், தொண்டைப் பக்கம் இருக்கும் வீக்கத்துக்கும் கிளினிக்கில் ஊசி வேண்டாம். வீங்கினால் மூச்சே அடைக்கும்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அழுத்திப் பாருங்கள், குனியச் சொல்லுங்கள், துடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கத்தியைத் தொடாமல் டாப்ளருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்