வாளி பிடித்தவர்களுக்கும் நோட்டு எழுதியவர்களுக்கும்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

2017 ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் வடசென்னை எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் எங்களோடு நின்று, கப்பல் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை அள்ளிய எல்லோருக்கும் இந்த மடல். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். உங்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் பெயரையும் எழுதவில்லை. ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டுவிட்டால் அப்புறம் குப்பத்துக்குள் நான் தலைகாட்ட முடியாது. எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள் நான். குழுவில் இருக்கிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் என் சொந்த அபிப்பிராயமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்பீர்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது இல்லையா, அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை குமரிக் கரை வரை ஒதுங்கியது. எங்கள் குப்பத்துப் பையன் ஒருவனுக்கு அங்கேதான் மாமனார் வீடு. அவர்கள் போன் பண்ணிக் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ஊர்ல எண்ணெய் வந்தப்போ நஷ்டத்தை எப்படி எழுதினீங்க?" பரண்மேல் இருந்த நோட்டை இறக்கினோம். இறக்கியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை, விடிவதற்கு முன் நடந்தது உங்களுக்கும் தெரியும். எரிவாயு இறக்கிவிட்டு வெளியே போன கப்பலும், எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்த கப்பலும் எண்ணூர் துறைமுகத்துக்குச் சற்று வெளியே மோதிக்கொண்டன. உடைந்த கப்பலில் இருந்து கனமான எரி எண்ணெய் ஒழுகியது. தை மாதம், வண்ணி ஓடுகிற நேரம், அதாவது நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே. அப்படியானால் எண்ணெய் எங்கே வரும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒருவர் வந்து கேட்டிருந்தால் போதும், கையை நீட்டிக் காட்டியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. முதலில் வெளியான அறிக்கை, கடலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றது. அப்புறம் ஏதோ கொஞ்சம் என்றார்கள். அப்புறம் 20 டன் என்றார்கள். கடைசியில் விசாரணை எல்லாம் முடிந்து வந்த கணக்கு ஏறக்குறைய 200 டன்.

அந்த "ஒன்றும் இல்லை"யை நம்பாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்ற பத்திரிகைக்காரர்களுக்கு முதல் நன்றி. கரையோரக் கருங்கல்லுக்கு நடுவில் எண்ணெய் தேங்கிக் கிடந்ததை நீங்கள் காட்டிய பிறகுதான் அதிகாரிகளின் கார்கள் வரத் தொடங்கின.

அடுத்து மாணவர்கள். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே அடிபட்டவர்களில் சிலர் கால் கட்டோடு இங்கே வந்து நின்றதைப் பார்த்தோம். வாளி கொண்டுவரச் சொல்லி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக் குடம், முறம் என்று கையில் கிடைத்ததோடு வந்தீர்கள்.

எண்ணெயை வாளியால் அள்ளுவதா என்று அன்று ஊரே சிரித்தது, கேலிப் படங்கள் சுற்றின. சிரித்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்த எரி எண்ணெய் கடல் தண்ணீரோடு கலந்து அலையில் அடிபட்டால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பல மடங்கு பெருகும். ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டியாகும். கழிவுநீர் உறிஞ்சுகிற பெரிய லாரிகளைக் கொண்டுவந்து குழாயை விட்டார்கள். குழாய் தண்ணீரை இழுத்தது, கசடு அப்படியே நின்றது, அப்புறம் குழாய் அடைத்துக்கொண்டது. அந்த நிலையில் வாளிதான் வேலை செய்தது. சிரிக்க வேண்டியது வாளியைப் பார்த்து அல்ல. இவ்வளவு பெரிய துறைமுகங்கள் வரிசையாக இருக்கிற கரையில் அந்தக் கசடை எடுக்க வேறு சாமான் தயாராக இல்லாததைப் பார்த்துத்தான்.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை எங்கள் குழுவில் யாரும் மறக்கவில்லை. கையுறை கிழிந்து, முழங்கை வரை எண்ணெய். சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மண்ணெண்ணெய் கேட்டாள், தோல் வெந்துவிடும் என்று என் மாமியார் தடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்து, கடைசியில் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டார். நகக்கண்ணில் இருந்தது மட்டும் வரவில்லை. "பரவால்ல ஆயா, வீட்ல மருதாணின்னு சொல்லிக்கிறேன்" என்றாள். அவளுக்கு அதன் பிறகு தலைவலி, கண்ணெரிச்சல் ஏதாவது இருந்ததா என்று விசாரிக்க எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் பெயர் பதிவாகவில்லை. உங்களில் யாருடைய பெயரும்தான் பதிவாகவில்லை. நீங்கள் சுவாசித்த நெடிக்குப் பொறுப்பு யார் என்று இன்றைக்கும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடலோரக் காவல் படைப் பையன்கள், குடிநீர் வாரிய லாரி ஓட்டுநர்கள், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள், உங்களுக்கும் நன்றி. மேலே இருப்பவர்கள் மேல் எங்களுக்கு இருக்கும் கோபம் உங்கள் மேல் இல்லை. நீங்களும் அதே நெடியில்தான் நின்றீர்கள். தக்காளி சாதம் கட்டிக்கொண்டு வந்தவர்கள், தண்ணீர் கேன் இறக்கியவர்கள், மீன் வாங்கவே சனம் பயந்த அந்த மாதத்தில் எங்களிடம் தேடி வந்து கானாங்கெளுத்தியும் நெத்திலியும் வாங்கிப்போன வாடிக்கைக்காரர்கள், எல்லோருக்கும்.

இனி நோட்டு. எண்ணெய் அள்ளுகிற இடத்துக்குச் சட்டம் படிக்கிற ஒரு தம்பி வந்தார். வாளியைத் தொடவே இல்லை. முதலில் எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கடுப்பு. வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். என்ன வலை, கவளை வலையா நண்டு வலையா, எப்போது வாங்கியது, யாரிடம், எத்தனை கிலோ நூல், எங்கே எண்ணெய் பட்டது, பக்கத்தில் நின்று பார்த்தது யார். படகில் பட்ட கறையை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தார். எங்கள் தொழிலில் ரசீது ஏது? வலை கைமாற்றில் வரும், கரையில் ஏலம் விட்ட மீனுக்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ரசீது இல்லாத நஷ்டத்தை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் நஷ்டம் என்று ஒத்துக்கொள்ளாது, அதனால் சாட்சி சொல்லும் காகிதத்தை இன்றே உண்டாக்க வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் கடுப்பு போயிற்று.

பெண்களையும் அவர்தான் எழுதினார். பட்டியல் எடுக்க அலுவலகத்திலிருந்து வந்தவர்களின் காகிதத்தில் படகுக்கு ஒரு கட்டம் இருந்தது, படகுக்காரருக்கு ஒரு கட்டம் இருந்தது. கூடை சுமந்து விற்கிறவளுக்குக் கட்டமே இல்லை. மீன் வராவிட்டால் எங்களுக்கும் சோறு இல்லை. ஐஸ் வாங்கிய காசு போச்சு, ஷேர் ஆட்டோ காசு போச்சு, தினக்கடன் வசூலிக்கிற தண்டல்காரர் மட்டும் தினமும் சரியாக வந்து நின்றார். இதையெல்லாம் நாள்வாரியாக எழுதி, கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி வைத்தது அந்தத் தம்பிதான். பிறகு அதைக் காட்டித்தான் எங்கள் குழுவில் சிலர் பெயர் பட்டியலில் ஏறியது. எல்லார் பெயரும் ஏறவில்லை, அது தனிக்கதை.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சட்டத்தை எங்களுக்கு விளங்கவைத்த வக்கீல் அம்மாவுக்குத் தனி நன்றி. சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் எங்களுக்குமாக நடந்து நடந்து உங்கள் செருப்புத்தான் தேய்ந்தது. எண்ணெய்க் கசிவுக்கென்று இந்தியாவில் 1996-லிருந்தே ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நடுக்கடலில் என்றால் கடலோரக் காவல் படை, துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுகம், கரையேறிவிட்டால் மாநில அரசு. பங்கு பிரித்ததெல்லாம் சரி. மூவரும் எங்கள் கரைக்கு வந்து சேரும்வரை அங்கே நின்றது வாளி பிடித்த நீங்கள்.

ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எதுவும் அதன் சொந்த எரிபொருள் சிந்தினால் ஆகும் சேதத்துக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கப்பல் முதலாளியைத் தேடி அலையாமல் காப்பீட்டாளரிடமே நேராகக் கேட்கலாம், இந்த உடன்பாட்டில் இந்தியா 2015-ல் சேர்ந்துவிட்டது என்றும் வக்கீல் அம்மா சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. உடனே இன்னொன்றும் சொன்னார்: கப்பலின் அளவை வைத்து முதலாளியின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சேதம் எவ்வளவு பெரியதானாலும் அதற்குமேல் தரவேண்டாம். எங்கள் பெரியவர் ஒருவர் எழுந்து, "அப்போ எங்க கடனுக்கும் உச்சவரம்பு உண்டாம்மா?" என்று கேட்டார். வக்கீல் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளிநாட்டுக் கதைகளையும் அவர் சொன்னார். அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. தண்டனைத் தொகையாக 500 கோடி டாலர் தரச் சொல்லி 1994-ல் ஜூரி தீர்ப்பளித்தது. நிறுவனம் விடாமல் வழக்காடி, 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அதைச் சுமார் 50 கோடி டாலராகக் குறைத்துவிட்டது. இடையில் எத்தனை மீனவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்து, 87 நாள் எண்ணெய் பீறிட்டது. அங்கே அரசு நெருக்கியதில், எண்ணெய் இன்னும் பீறிட்டுக்கொண்டிருந்த ஜூன் மாதத்திலேயே பி.பி. நிறுவனம் இழப்பீட்டுக்காக 2,000 கோடி டாலர் ஒதுக்க ஒத்துக்கொண்டது. முதலில் பணத்தை எடுத்து வை, அப்புறம் கோர்ட்டில் வாதாடு. எனக்குப் பிடித்த முறை இதுதான். நம் நாட்டில் 2011-ல் மும்பைக்கு அப்பால் மூழ்கிய ராக் என்ற கப்பலுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாயம் சொல்லவே 2016 ஆகிவிட்டது. எல்சா 3 விஷயத்தில் கேரள அரசு 9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றம் போய், அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து நிறுத்த உத்தரவு வாங்கியது. கேட்ட தொகை முழுதும் கிடைக்குமோ என்னவோ, ஒரு கப்பல் நின்றால் முதலாளி பேச வருவார். கரையில் படகு கட்டத் தெரிந்த எவருக்கும் அது புரியும்.

2023 டிசம்பர் கதை வேறு. அது கப்பலில் இருந்து வந்ததல்ல. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கழிமுகத்துக்குள் இறங்கியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வீட்டுச் சுவரிலேயே கறுப்புக் கோடு. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெயோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தேடி அலைந்த பறவை ஆர்வலர்களுக்கு நன்றி. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களைத் தனியாகப் போய்ப் பார்த்து எழுதியவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி, படகும் வலையும் இல்லாத அவர்களைப் பட்டியல்காரர்கள் கண்ணுக்குத் தெரியவைப்பது லேசான காரியம் இல்லை. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. கையுறை, முகக்கவசம், பூட்ஸ் எல்லாம் இந்த முறை நீங்களே கொண்டுவந்திருந்தீர்கள். எங்கள் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். நோட்டைத் தேடாமல், இடமும் நேரமும் விழுகிற மாதிரி போனில் படம் எடுத்துத் தெருவாரியாகச் சேர்த்துவைத்தார்கள்.

ஒரு உதவி இன்னும் பாக்கி இருக்கிறது. 2017-லும் 2023-லும் நீங்கள் எடுத்த படங்கள், வீடியோக்கள் பழைய போனிலோ மெமரி கார்டிலோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த இடம், என்ன தேதி என்று நினைவிருக்கும்வரை குறித்து, எங்கள் குப்பத்து மீனவர் சங்கத்தில் கொடுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். பழைய நோட்டில் ஓரம் செல்லரித்த பக்கங்களை நானும் என் மகளும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம். குமரிக்காரர்களுக்கு ஒரு நகல் போய்விட்டது. வேறு எந்தக் கரையிலிருந்து கேட்டாலும் தருவோம். நேரில் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள், நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
எர்ணாவூர் குப்பத்து மகளிர் குழுவுக்காக,
அதன் கணக்குக்காரி