வறுத்த விதை

அன்புள்ள தோழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, வாசல் வரைக்கும் நடமாட்டம் உண்டு.

மாசி நோம்பிக்கு நீ வராமல் போனது எனக்குப் பெரிய குறை. அண்ணமார் கோயில் முன்னால் இந்த வருடம் மூன்று இரவு உடுக்கையடி வைத்தார்கள், உடுக்கை அடித்து பொன்னர் சங்கர் அண்ணன்மார் கதையைப் பாடுகிற அதே பாட்டு. காங்கயத்துப் பக்கத்துப் பாட்டுக்காரர். பின்பாட்டுக்கு அவர் மகன். பொன்னாச்சி, அந்தச் சின்ன நாய், கொம்பன் பன்றியை மடக்குகிற இடத்தில் அப்பனும் மகனும் மாறி மாறிக் குரல் கொடுத்தபோது, தூங்கிக் கிடந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தன. கடைசி இரவு படுகளம், அந்தப் போர்க்களக் கட்டம். அண்ணன்மார் சாய்ந்ததும் மருள் வந்து ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். வெள்ளை வேட்டி போர்த்திக் கிடத்தினார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிற வரைக்கும் கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. கதை என்று தெரிந்தும் எனக்குக் கை நடுங்கியது.

ஆனால் முன்கதையை விட்டுவிட்டார்கள். அண்ணன்மாரின் அப்பா குன்னுடையான் அநாதையாக அலைந்தது, அம்மா தாமரையின் தவம் எல்லாமே இரண்டு வரியில் முடிந்தது. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் இதே கதையை ஒலிநாடாவில் பதிந்தபோது 18 இரவு பாடினார்களாம். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

விடிந்ததும் பாட்டுக்காரரிடமே கேட்டுவிட்டேன். "ஆரு அம்மிணி உக்காந்து கேக்கறது? பன்னி குத்தறதும் படுகளமுந்தான் எல்லாருக்கும் வேணும்" என்றார். சொல்லிவிட்டு, உடுக்கை இல்லாமல், கையில் டீ டம்ளரோடு அந்த விதைக் கதையை எடுத்தார். ஞாபகம் இருக்கிறதா? பங்காளிகள் வஞ்சகமாக வறுத்த விதையைக் கொடுக்க, குன்னுடையான் அதை நம்பி விதைக்க, அது முளைத்து நிற்கும். அமிச்சிப் பாட்டி நம் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொல்வாரே, கம்பு என்று. இவர் சோளம் என்றார். நான் திருத்தப் போனேன். "உங்க பக்கம் கம்பு வெளையும், எங்க பக்கம் சோளங்க. கேக்கறவங்க காட்டுல வெளையறதத்தான் சொல்லோணும்" என்றார். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது தோன்றியதே இல்லை. அமிச்சியும் நம் காட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், ஒரு காரியம் செய்திருக்கிறேன். சித்திரையில் எங்கள் களத்தில் நான்கு இரவு முன்கதை மட்டும் பாடச் சொல்லி அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டேன். மைக் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு அப்போது லீவுதானே, கூட்டிக்கொண்டு வா. ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. முன்வரிசையில் உட்கார்ந்து 'உம்' கொட்ட எனக்கு ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி