மாகாண சபை வேட்பாளர்களிடம் வன்னி விவசாயிகள் கேட்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

2013இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலில் வன்னியில் வாக்குக் கேட்டு வருவோர், விவசாயமும் மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனமும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சபைக்கு அளித்த பொறுப்புகள் என்பதை மனதிற்கொண்டு, தூர்ந்த சிறு குளங்களைப் புனரமைப்பது பற்றித் தமது நிலைப்பாட்டை எழுத்தில் தர வேண்டும்.

காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடையின்போது நெல்லை வீதியோரத்தில் காயவைத்து, ஈரப்பதனைக் காரணம் காட்டும் வியாபாரி சொல்லும் விலைக்கே கடனடைக்க விற்றுவிடும் விவசாயிக்கு, கிராமந்தோறும் உலர்தளமும் களஞ்சியமும் அமைப்பதே, என் கருத்தில், முதன்மையான வாக்குறுதி.

இடம்பெயர்வால் காடேறி, பின்னர் வன ஒதுக்கெல்லைக்குள் அகப்பட்ட வயல்களையும் யானை வேலிகளையும் பொறுத்தவரை அதிகாரம் பெரிதும் கொழும்பிடமே உள்ளது; அதை மறைக்காமல், மத்திய அரசிடம் எதை, எவ்வாறு வலியுறுத்துவர் என்பதை அவர்கள் கூறட்டும்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
கிளிநொச்சி