ஃப்ரெட்டைப் பிடுங்காதே, நெக்கை மாற்று

பாளையங்கோட்டை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்து, குற்றாலத்தில் சாரலும் பிடித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பார்த்துவைத்திருக்கிற அந்தப் பழைய ஜாஸ் பேஸை, ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் கிட்டாரை, வாங்கு. ஆனால் வாங்கின கையோடு ஃப்ரெட்டையெல்லாம், அதாவது விரல் வைக்கிற பலகையில் பதித்த உலோக மெட்டுகளையெல்லாம், பிடுங்கி ஃப்ரெட்லெஸ் (மெட்டில்லாத பேஸ்) ஆக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே.

நீ ஏன் ஃப்ரெட்லெஸுக்கு ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். நம் கொயரில் கீர்த்தனை வாசித்தவர்கள் யாருக்குமே அது தெரியும். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். வீணை வாசிக்கிறவர்கள் மெட்டின் மேலேயே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அதைக் கொண்டுவந்துவிடுவார்கள். பேஸின் தடித்த கம்பி அந்த அளவுக்கு இழுபடாது. மேலே குரல் அசைய, கீழே பேஸ் ஒரே சுரத்தில் விறைப்பாக நின்றால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் இதைப் பேசிப் பேசி மாய்ந்திருப்போம்!

கொயரில் கிடந்த பழைய பேஸை, அந்த மலிவான உள்ளூர் பேஸைத்தான் சொல்கிறேன், நான் ஃப்ரெட்லெஸ் ஆக்கிவிட்டேன். ஃப்ரெட் எல்லாம் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஃப்ரெட்டின் மேலும் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடேற்றி, அடியிலுள்ள பசை இளகியதும், வாயைத் தட்டையாகத் தீட்டிய குறடால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டால் விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டு மரம் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். ஃப்ரெட் இருந்த பள்ளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் அகலம்தான். அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிறவர் ஒருவர் மஞ்சக்கடம்பில் அந்தக் கனத்துக்கே பட்டைகள் சீவித் தந்தார். பசை தடவி இறக்கி, வளைவு மாறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், கறுத்த மரத்தில் மஞ்சள் கோடுகள் அழகாகத் தெரிகின்றன. கோட்டுக்குப் பின்னால் அல்ல, சரியாகக் கோட்டின் மேலேயே விரல் வைக்க வேண்டும். கை பழக வெகுநாள் பிடித்தது. பட்டை இறுக்கமாக உட்காருவதும் முக்கியம். ஃப்ரெட்டுகள் அத்தனையும் ஆப்பாக நின்று நெக்கை, அதாவது ஃபிங்கர்போர்டு ஒட்டிய கழுத்துப் பகுதியை, பின்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளத்தைத் தளர்வாக விட்டால், கம்பியின் இழுப்புக்கு நெக் முன்னால் வளைந்துவிடும். ஃப்ரெட்டின் உயரம் போய்விட்டதால், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற நட்டின் பள்ளங்களையும் அரம் போட்டு இறக்கினேன்.

அந்தச் சத்தம் இருக்கிறதே, மாப்பிள்ளை! விரலுக்கு முன்னால் கம்பி மரத்தை லேசாக உரசிக்கொண்டே அதிர்வதால், சுரம் தட்டின உடனே முழுசாக வருவதில்லை. நாகஸ்வரக்காரர் அடக்கி ஊதி மெல்ல விரிக்கிற மாதிரி, பிறந்த பிறகு மலர்கிறது. தோடி காந்தாரம் அதில் தானாக வந்து உட்கார்ந்தது.

உன் பேஸுக்கு இது ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது ஐம்பது வருஷம் உருமாறாமல் தப்பிப் பிழைத்தது. போட்டோவில், நெக்கைப் பாடியோடு பிணைக்கிற தகடான நெக்பிளேட்டில் நாலு ஸ்க்ரூ தெரிகிறது. 1970களின் நடுவில் ஜாஸ் பேஸ் மூன்று போல்ட்டுக்கு மாறியது, ஆகவே இது அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு உண்டு. சீரியல் எண் பிளேட்டிலேயே இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. 1976இல்தான் எண்ணை ஹெட்ஸ்டாக்குக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்ய முடியாது. ஒரு தடவை ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டால், பிறகு யார் எவ்வளவு நேர்த்தியாகத் திரும்ப அடித்தாலும் அது பழைய நெக் ஆகாது.

ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்யவில்லையா என்று கேட்பாய். தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாத பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பூசித்தான் அவர் வாசித்தார். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தை அறுத்துவிடும் என்பதற்காக அந்தப் பூச்சு. அன்றைக்கு அது வாசிக்கிறவன் கையிலிருந்த பழைய கிட்டார், அவ்வளவுதான். ஆம்பெக் கம்பெனி 1966இலும் ஃபெண்டர் 1970இலும் ஃப்ரெட்லெஸ் பேஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தாலும், ஃபெண்டர் கொண்டுவந்தது பிரிசிஷன் பேஸ் என்ற வேறு மாடலில். அன்றைக்கு ஜாஸ் பேஸ் சத்தம் வேண்டுமென்றால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி குறைவாகவே இருந்தது. உனக்கு அந்த நெருக்கடி இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். 34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிர்கிற நீளம்) தனியாக ஒரு ஃப்ரெட்லெஸ் நெக் வாங்கிக்கொள். இந்திய ரோஸ்வுட் போர்டு போட்டதே போதும். நம் மலையில் விளைகிற தோதகத்திதான் அது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பழைய நெக் வந்துவிடும், புதியதை மாட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் நெக் உட்காரும் குழியின் அளவு பேஸுக்குப் பேஸ் கொஞ்சம் மாறும். ஆகவே முதலில் அளந்து பார். இறுக்கமாக இருந்தால் புதிய நெக்கின் ஓரத்தைத் தேய், பழைய பாடியில் அரத்தை வைக்கவே வைக்காதே. ஸ்க்ரூவை முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்று. பழைய மறையில் 'டக்' என்று விழுவது கைக்குத் தெரியும். அப்புறம் வலப்பக்கம் முடுக்கினால் மரத்தில் புது மறை விழாது. கழற்றின நெக்கில் கம்பியின் இழுப்பு இராது, அதனால் நெக்குக்குள் ஓடி அதை வளையாமல் காக்கிற உலோகத் தண்டான டிரஸ் ராடைத் தளர்த்தி, துணியில் சுற்றிப் பெட்டியில் படுக்கவை. பரணில் மட்டும் போட்டுவிடாதே. பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகி), வயர் எதையாவது மாற்றினாலும் பழையதை ஒரு பையில் போட்டு எழுதிவை.

பேஸில் தட்டைப் பட்டை சுற்றிய பிளாட்வவுண்ட் கம்பி போடு. சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் போர்டு பிழைக்கும், கீர்த்தனைக்கு அந்த மந்தமே பொருத்தம். ரவுண்ட்வவுண்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எபாக்சி பூசிய போர்டாகப் பார்த்து வாங்கு.

காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு போட்டோ அனுப்பு. ஒன்று, நெக்கைக் கழற்றி அதன் அடிப்பக்கம். தேதி முத்திரை அங்கேதான் இருக்கும். இன்னொன்று, கன்ட்ரோல் பிளேட்டைத் திருப்பி வால்யூம் பாட்டின் முதுகு. அதில் பதித்த எண் 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி பாட். ஏழு இலக்கமாக இருந்தால் அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வாரத்தையும் காட்டும். 1377215 என்றிருந்தால் 1972இன் 15ஆவது வாரம். பாட்டை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள், அதனால் பேஸ் அதற்குப் பிந்தையதாகவும் இருக்கலாம். இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சந்தோஷமாக வாங்கு. சால்டர் புதிதாகப் பளபளத்தால் விற்கிறவரிடம் காரணம் கேள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது பேஸோடு வா. பழைய நெக்கையும் மறக்காமல் எடுத்து வா, நான் பார்க்க வேண்டும். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்