கயலுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

நீ சாப்பிடுகிற மூலிகைப் பொடியால் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்று ஒரு பெண் சொல்கிற வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாயே, அதை நானும் முழுதாகப் பார்த்தேன். 'இப்போது ஊசியே இல்லை' என்று அந்தப் பெண் சொன்ன இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவளுக்கு வந்தது டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்று கடைசி வரை யாருமே சொல்லவில்லை, கவனித்தாயா? டைப் 2 என்றால், எடை நன்றாகக் குறைந்ததும் சிலருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நிற்பது உண்டு. உனக்கு டைப் 1. இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பே அழிக்கிற நோய்.

போடுகிற இன்சுலின் யூனிட் பாதியாகிவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னது நினைவுக்கு வந்தது. ஊசி தொடங்கிய சில வாரங்களில், அழியாமல் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தேறும், தேவை குறையும், 'தேனிலவுக் காலம்' என்பார்கள் என்றாரே. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட, பிறகு போய்விடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணமாக்கியது போலத் தெரியும். பொடியைத் தொடங்கிய தேதியையும் யூனிட் குறையத் தொடங்கிய தேதியையும் உன் நோட்டில் பார். எது முதலில்?

டாக்டரைக் கேட்காமல் ஒரு யூனிட்கூடக் குறைக்காதே.

பெரியம்மாவின் முழங்கால் மருந்து விஷயத்தில் நீ எப்படி இருந்தாய்! இரண்டே நாளில் வலி போய்விட்டதென்று வீடே பூரித்துக் கிடந்தபோது, 'இவ்வளவு வேகமாக எப்படி, உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்டவள் நீ ஒருத்திதான். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் உன் பெருமையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதே கேள்வியை இந்தப் பொடியிடம் ஏன் கேட்கவில்லை? மூலிகை என்று சொல்லி, உள்ளே கிளைபென்கிளமைடு என்ற ஆங்கிலச் சர்க்கரை மாத்திரையைக் கலந்து விற்ற சர்க்கரை மருந்துகள் பிடிபட்டிருக்கின்றன. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் செடியிலிருந்து வந்ததுதான். து யூயூ என்ற சீன விஞ்ஞானி பழைய சீன வைத்திய நூலில்தான் அதற்கு வழி கண்டார், 2015-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் நூலில் இருக்கிறது என்பதோடு அவர் விடவில்லை. சாற்றைப் பிரித்தார், விலங்குகளிடம் சோதித்தார், தானே குடித்துப் பார்த்தார், அப்புறம்தான் நோயாளிகளுக்குப் போனது. உன் பொடிக்காரர் எத்தனை பேருக்குக் கொடுத்தார், எத்தனை பேருக்குக் குணமாகவில்லை என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா? குணமாகாமல் போனவர்கள் வீடியோவில் வரமாட்டார்கள், கயல்.

1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளை அரைப் பட்டினி போட்டு, நாட்களைத்தான் நீட்ட முடிந்தது. அந்தப் பெற்றோரை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன், தூக்கம் வருவதில்லை.

முன்பெல்லாம் காலைச் சர்க்கரை எவ்வளவு என்று நீயாகவே சொல்வாய். இப்போது சொல்வதில்லை. வளர்ந்த பெண், உன் உடம்பு, துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். ஊசியை நிறுத்திவிட்டாயா?

நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரைக் கூப்பிடு, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பார். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் எது இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரைக் கேட்காமல் குறைக்காதே. சர்க்கரை எவ்வளவு வந்திருந்தாலும் எனக்கு அனுப்பு, திட்டமாட்டேன். இப்படி எழுதினேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் போனில் சொல்லிவிடாதே.

அப்பா