வாடல் கண்ட கொல்லையிலிருந்து கன்று எடுக்க வேண்டாம்

லால்குடிப் பக்கம் என்னோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் வாழை விவசாயிகளுக்கு,

வணக்கம். போன வருடம் என் ரஸ்தாளிக் கொல்லையில் ஆறாம் மாதம் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றித் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு தண்ணீர் விட்டேன். அப்புறம் ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டினால், உள்ளே செம்பழுப்புப் புள்ளிகள். வாடல் நோய்தான்.

இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. தார் விலை குறைத்துக் கேட்பார்களோ என்ற பயம். அந்த இரண்டு வாரத்தில் என் கொல்லையிலிருந்து கன்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இந்த மடலை எழுதுவதும் அதனால்தான்.

ஃபியூசேரியம் என்ற இந்தப் பூஞ்சாணம் வேர் வழியாகக் கிழங்குக்குள் போய், நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். வாழையே இல்லாவிட்டாலும் 20 ஆண்டுக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். எந்த மருந்தும் அதை மண்ணிலிருந்து முழுசாக அழிப்பதில்லை. கேவண்டிஷ் வகை வாழையை, அதாவது நம் ஜி-9ஐயும் தாக்கும் டி.ஆர்.4 என்ற இதன் இன்னொரு இனம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

பார்வைக்குத் திடமாக இருக்கும் கன்றும் இந்த நோயைச் சுமந்து வரும். அதனால் நோய் கண்ட கொல்லையிலிருந்து ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது. பட்ட மரத்தை வாய்க்காலில் தள்ளாதீர்கள், கீழே இருப்பவர் கொல்லைக்குத்தான் போகும். கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்துவிட்டு, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். மண்வெட்டியையும் டிராக்டர் சக்கரத்தையும் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

புதிதாக நடுபவர்கள் நம்பகமான திசு வளர்ப்புக் கன்று வாங்கலாம். பக்கக்கன்றுதான் என்றால் நோயில்லாத கொல்லையில் எடுத்து, வேரைச் சீவி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து நடுங்கள். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து வையுங்கள். நூற்புழு வேரில் போடும் காயம் பூஞ்சாணத்துக்கு வழி திறந்துவிடும், அதைக் குறைக்கவும் புண்ணாக்கு உதவும். நோய் கண்ட வயலில் உடனே ரஸ்தாளி வேண்டாம். ஒரு போகமாவது நெல் போட்டுத் தண்ணீர் கட்டுங்கள். பிறகும் வாழைதான் வேண்டுமென்றால் பூவன் ஓரளவு தாங்கும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு நோட்டுப் போடுவோம். யார் கன்று எங்கிருந்து வந்தது, எந்தக் கொல்லையில் வாடல் என்று அதில் எழுதி வைக்கலாம். முதல் பக்கத்தில் என் கொல்லையை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ரஸ்தாளி விவசாயி