பாண்கார (ரொட்டி விற்கும்) அண்ணனுக்கும், எங்களைத் தூக்கி நிறுத்திய எல்லோருக்கும்

நேற்று இரவு கடைசிப் பாட்டின் மிக்ஸ் வந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் நிறுத்தாமல் கேட்டோம். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி அழுதான், அப்புறம் எல்லோரும். அல்பம் முடிந்துவிட்டது. தூக்கம் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் புயலிலும் மண்சரிவிலும் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்களைவிட அதிகம் இழந்தவர்கள் பக்கத்து லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், இனிமேல் பாட்டு எதற்கு என்று நாங்கள் விட்டுவிட்ட நேரத்தில் "திரும்பப் போடுங்கடா" என்று சொன்னது நீங்கள்தான். அம்ப்ளிஃபயரை லொறியில் ஏற்றி அனுப்பிய கண்டி நண்பர்களுக்கும், கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்து பணம் அனுப்பிய எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், முன்பள்ளிக் கட்டடத்தின் சாவியை ஒரு வார்த்தை கேட்காமல் கையில் வைத்த தலைவருக்கும், இரவிரவாகத் தேத்தண்ணீர் போட்ட அம்மாமாருக்கும் நன்றி.

மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக் குழு அண்ணன்மாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பனி இறங்கினால் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டினால்தான் சத்தம் ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் வெளியே போய்க் குளிரில் குந்தியிருந்து, பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தப்பை சத்தத்தைச் சுழல வைக்கும் ஃபேஸர் பெடல் வழியாக விட்டபோது, கூத்துக்கு வாசித்தே வயதான அண்ணன் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காய்ச்சல் காதில கேக்குற மாதிரி இருக்குடா" என்றார். நாங்கள் மூன்று வருடமாகத் தேடிய சத்தம் அதுதான்.

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதுதான் இந்த அல்பம் மனதில் விழுந்தது. 200 வருடங்களுக்கு முன் காப்பித் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் நடந்த வழி அது. கொலராவிலும் மலேரியாவிலும் எத்தனையோ பேர் காட்டுக்குள்ளேயே விழுந்துபோனார்கள். எங்கள் எட்டுப் பாட்டும் அப்படிக் காய்ச்சலோடு நடக்கும் ஒரு பெண்ணின் தலைக்குள் நடக்கின்றன. அவளுக்கு மரம் பேசும், பின்னால் விட்டுவந்த ஊர் முன்னால் தெரியும். கிட்டார் பதிவைப் பின்னோக்கி ஓட்டியதும், பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடாததும் அதற்காகத்தான். அவள் நிற்கவில்லை, நாங்கள் எப்படி நிற்பது?

இனி பாண்கார அண்ணன்.

நாங்கள் பதிவு செய்த முன்பள்ளி, ரோட்டு வளைவில் இருக்கிறது. தகரக் கூரை, கண்ணாடி உடைந்த ஜன்னல். காலை ஆறரைக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் அவருடைய ஆட்டோ பேத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு அந்த வளைவில் வரும். முதல் நாள் இரண்டு நல்ல பதிவுகள் அதில் போயின. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது அவர் பிழைப்பு, எந்த வாயால் கேட்பது?

மூன்றாம் நாள்தான் கவனித்தோம், மெட்டு வரவில்லை. அவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தோம். நாலாம் நாள் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஆட்டோ மேலே இருந்து எஞ்சினை நிறுத்திவிட்டு மெதுவாக உருண்டு வருகிறது. வளைவைத் தாண்டியதும் இறங்கி, லயம் லயமாகக் கதவைத் தட்டிப் பாண் விற்கிறார். உள்ளே அண்ணன்மார் பாட்டுப் பிடிக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒன்பது நாள் இப்படி. மெட்டு கேட்டால்தான் மேல் லயத்துச் சனம் காசோடு இறங்கி வரும். கேட்காவிட்டால் யார் வருவார்கள்? ஆறாம் நாள் இரவு முதலை வடிவ இனிப்பு பன்னான கிம்புலா பணிஸை ஒரு பை நிறையக் கதவில் தொங்கவிட்டுப் போயிருந்தார். பசியில் அள்ளித் தின்றோம். அன்று விற்காமல் மிஞ்சியது அது என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசி நாள் அவரைத் தேடிப் போனோம். காசை நீட்டினோம், கையைக்கூட நீட்டவில்லை. எங்களைப் பார்த்து, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முடிஞ்சுதா மல்லி? நாளைக்குப் பாட்டுப் போடலாமா?"

எனக்குப் பதில் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிங்களவர், எங்கள் பாட்டில் பாதிச் சொல் அவருக்குப் புரியாது. இந்த அல்பத்தை மேடையில் முதன்முதலாக முழுதாக வாசிப்பது கொழும்பில் இல்லை, அந்த வளைவில்தான். இதை நான்கு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். அன்று அவர் மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நாங்கள் நிறுத்துவோம்.

கேட்கும்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஐந்தாவது பாட்டில் உறுமி ஓய்கிற இடத்தில், இடது காதில், ஒரு சின்ன பிரேக் சத்தம் வரும். அழிக்கச் சொன்னார்கள், நாங்கள் விடவில்லை. அது அவர்தான், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறார்.